மீனுக்கு விட்ட இடம்

"விடு!"

"நீங்க விடுங்க!"

அட்டையின் ஒரு ஓரத்தை லோர்னா டக்கெட் பிடித்திருந்தாள். எதிர் ஓரத்தை டேரன் பிக்ஸ்பி. நடுவிலிருந்த மேசை இரண்டு முறை குலுங்கியது. மசிப்புட்டி ஒன்று உருண்டு தரையில் விழுந்து, உடையாமல் சுற்றிக்கொண்டே போய், ஒரு ஷூவில் முட்டி நின்றது.

ஷூவுக்குச் சொந்தக்காரி வில்மா சோப்சாக்.

வியாழக்கிழமை. காலை மணி 10.12.

வில்மாவுக்கு அறுபத்தொரு வயது. க்ரேவன் கவுண்டி சமுதாயக் கல்லூரியின் அச்சகத்தில், அச்சுக்குப் போகும் அட்டைகளைப் படமெடுக்கும் கேமரா அறை அவள் பொறுப்பு. அதற்கு முன் இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் இதே வேலை. அந்த நாளிதழ் மூடி ஆறு வருடமாகிறது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை லென்ஸ் தொங்கும். அதன் வளையத்தைச் சுற்றிக் கறுப்பு டேப். உடைந்ததை ஒட்டியிருக்கிறாள் என்று மாணவர்கள் நினைத்திருந்தார்கள்.

குனிந்து புட்டியை எடுத்தாள்.

"கிழிஞ்சா ரெண்டு பேருக்கும் இல்ல. கீழ வைங்க."

வைத்தார்கள்.

வெள்ளை அட்டை. மேலே பெரிய கறுப்பு வட்டம், உறைந்த ஏரியின் பனியில் மீன் பிடிக்க வெட்டிய ஓட்டை. அதிலிருந்து ஒற்றை நூல் நேராகக் கீழே இறங்குகிறது. நூல் முடியுமிடத்தில் ஒரு சின்ன மீன், தூண்டிலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. அடியில் எழுத்துகள்: க்ரேவன் ஏரி பனி மீன்பிடிப் போட்டி, 1988.

இத்தனை வருடத்தில் வில்மா இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"யார் பண்ணது?"

"நான்."

"நான்."

இரண்டு குரல்கள்.

"அதுதான் பிரச்சினையே," என்றார் வாசலில் நின்ற மிஸ்டர் டெல்ப். விளம்பர ஓவியமும் வடிவமைப்பும் நடத்தும் ஆசிரியர். ஒரு கையில் காப்பி, மறு கையில் மடித்த கடிதம். "ஒன்பது மணிக்கு எல்லார் வேலையும் வாங்கினேன். டேரன் இந்த போர்டைக் குடுத்தான். பின்னால அவன் பேர் போட்ட லேபிள் இருக்கு. மிஸஸ் டக்கெட் குடுத்தது இது."

மேசைமேல் ஒரு தாளைப் போட்டார். அதே ஓட்டை. அதே மீன். ஆனால் கேமரா நகல்.

"நீங்க போனப்புறம் மாணவங்களே நகல் எடுத்து எழுதி வைக்கற உங்க கேமரா அறை நோட்டைப் பார்த்தேன் வில்மா. புதன், மாலை 5.20, எல். டக்கெட், ஒரு நகல். ஒருத்தர்கிட்ட ஒரிஜினல், ஒருத்தர்கிட்ட நகல். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"அது என்ன கடுதாசி?"

"டீனுக்கு. திருட்டு வேலைக்கு இந்தக் கல்லூரியில இடமில்ல. பன்னெண்டு மணிக்கு விளம்பர கம்பெனிக்காரர் வர்றார். கடைசி வருஷத்துல ஒரே ஒருத்தரைத்தான் வேலைக்கு எடுக்கப் போறார். அதுக்குள்ள இதை முடிக்கணும்."

லோர்னாவுக்கு நாற்பத்து நாலு வயது. காருக்குக் கதவு செய்யும் ஃபேக்டரியில் பதினோரு வருடம் உற்பத்தி லைனில் பரிசோதகர். ஃபேக்டரி மூடிய பிறகு, மறுபயிற்சித் திட்டத்தில் இங்கே வந்து சேர்ந்தவள். கல்லூரியிலிருந்து பெயரை அடித்தால் திட்டத்திலிருந்தும் அடித்துவிடுவார்கள். வேறு ஃபேக்டரி இந்த மாவட்டத்தில் கிடையாது.

தோளில் ஒரு கான்வாஸ் பை. அதன் வாயை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். இழுபறியின்போதும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை. ஒற்றைக் கையால்தான் அட்டையை இழுத்தாள்.

வில்மா அதைக் கவனித்தாள்.

"பதினொன்றரைக்கு இந்த போர்டு என் கேமராவுக்கு வரணும். யார் பேர்ல பதியறதுன்னு எனக்குத் தெரியணும்ல? அதுவரைக்கும் கடுதாசி உங்க பாக்கெட்லயே இருக்கட்டும் டெல்ப்."

மணி 10.20. கேமரா அறை.

"நேத்து போர்டை எங்க வச்சீங்க?" என்று லோர்னாவைக் கேட்டாள் வில்மா.

"ஆறாம் இழுப்பறை. சாயங்காலம் ஆறு மணிக்கு."

"பூட்டினீங்களா?"

"அந்த இழுப்பறைக்கு ஏது மிஸ் பூட்டு?"

"காலையில?"

"காலியா இருந்துச்சு. எட்டே முக்கால். எல்லா இழுப்பறையும் பார்த்தேன். அப்புறம் என்ன பண்றது? பையில இருந்த நகலைக் குடுத்தேன்."

"நகல் எதுக்கு எடுத்தீங்க?"

லோர்னா தரையைப் பார்த்தாள். "வீட்ல என் மகளுக்குக் காட்ட."

வில்மா நகலை விளக்கடியில் பிடித்தாள். இடது ஓரம் நெடுக, சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது.

"மகளுக்குக் காட்ட எடுத்ததுல இதை எதுக்கு ஒட்டினீங்க?"

"சும்மா."

"பையில என்ன?"

"மத்தியானச் சாப்பாடு."

"தொறங்களேன்."

"முடியாது."

"சாப்பாட்டுக்கா இவ்வளவு காவல்?"

பையின் வாயைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

பொய், என்று எண்ணிக்கொண்டாள் வில்மா. மகளும் பொய், சாப்பாடும் பொய். இரண்டு பொய் சொல்பவள் மூன்றாவதாக ஒரு மீனையும் தன்னுடையது என்று சொல்ல மாட்டாளா?

மணி 10.35. வகுப்பறை.

லோர்னாவின் மேசை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன வெளிர் நீலப் பென்சில். அடிக்கடி முனை மாற்றிய கத்தி. ஒரு பைகா ஸ்கேல்.

பைகா என்பது அச்சுக்காரர்களின் அளவு. ஒரு அங்குலத்துக்கு ஆறு. இந்த வகுப்பில் எல்லோரும் அதில்தான் அளந்தாக வேண்டும்.

வில்மா அந்த ஸ்கேலைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு மசிக்கறை இல்லை. விளிம்பில் ஒரு கத்திக் கீறல் இல்லை. கடையிலிருந்து நேற்று வாங்கியதுபோல் பளபளத்தது. இரண்டாம் வருட மாணவியின் ஸ்கேல்!

பக்கத்து மேசையில் டேரனின் ஸ்கேல் கிடந்தது. அதில் கறை படாத இடமே இல்லை.

"கேளுங்க மிஸ் சோப்சாக்," என்று தானாகவே வந்தான் டேரன். இருபத்திரண்டு வயது. வெட்டி ஒட்டும் வேலையில் கை சுத்தமான பையன் என்று வகுப்பில் பெயர். "நான் ரெடி. கைரேகை வேணுமா?"

"இந்த போர்டு எத்தனை நாள் வேலை?"

"மூணு வாரம்."

"எதுல அளந்தே?"

"என்ன கேள்வி இது? பைகாதான். மொத வாரமே ஃபேக்டரி அளவுல கோடு போட்டு வகுப்பையே சிரிக்க வச்சது நானில்ல, அந்தம்மா."

மிஸ்டர் டெல்ப் லேசாகச் சிரித்தார். "கதவு அளவெல்லாம் கதவோட போச்சுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். அடுத்த வாரமே ஒழுங்கா பைகா ஸ்கேல் வாங்கிட்டு வந்துட்டாங்க."

வில்மா போர்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இந்த ஓட்டை நட்டநடுவுல இல்லையே டேரன். இடப்பக்கம் ஒதுங்கியிருக்கே?"

அவன் கண்கள் போர்டுக்குப் போயின. அரை நொடி. பிறகு முகம் மலர்ந்தது.

"கவனிச்சிட்டீங்களா! மேட்டரே அதான் மிஸ். மீனைப் பாருங்க. வலப்பக்கமா நழுவப் பார்க்குது. அது ஓட இடம் வேணும்ல? வேணும்னே விட்டேன்."

"நான்கூட அதைத்தான் பாராட்டினேன்," என்றார் டெல்ப். "சாதாரண மாணவன் ஓட்டையை நடுவுல வச்சிருப்பான்."

"எவ்வளவு விட்டே?"

"இடது ஓரம் ஏழு பைகா. வலது ஓரம் ஒன்பதரை."

"அளக்காமலே சொல்றியே?"

"என் போர்டு மிஸ். எனக்குத் தெரியாதா?"

வில்மா லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள்.

அட்டை முழுக்க வெளிர் நீலத்தில் பொடிப்பொடிக் குறிகள். எங்கே எதை ஒட்ட வேண்டும் என்று அளந்து போட்டவை. கேமராவின் கண்ணுக்கு இந்த நீலம் தெரியாது, அச்சில் வராது. அதனால் அதை யாரும் அழிப்பதில்லை. இந்தத் தொழிலில் அது இல்லாத நிறம். ஒரு வருடம் பழகினால் போதும், மனிதக் கண்ணும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

வில்மாவின் கண் நிறுத்தவில்லை.

டேரனின் ஸ்கேலை எடுத்து இடது ஓரத்தில் வைத்தாள். ஏழு பைகாக் கோட்டின் மேல் குறி இல்லை. ஒரு மயிரிழை தள்ளி இருந்தது. வலது ஓரம், ஒன்பதரை. குறி ஒரு மயிரிழை உள்ளே. மீனின் வால், நூலின் முடிவு, எழுத்தின் அடிவரி என்று ஒவ்வொன்றாகப் போனாள். மொத்தம் பதினோரு குறிகள். ஒன்றுகூட எந்தக் கோட்டின் மேலும் உட்காரவில்லை.

நிமிர்ந்தாள்.

"உன் கத்தி வேலையை ரெண்டு வருஷமா பார்க்கறேன் டேரன். ஒரு மயிரிழை தவறாது."

"தாங்க்ஸ் மிஸ்."

"தாங்க்ஸ் சொல்லாதே."

மணி 11.04.

மேசையைச் சுற்றி நான்கு பேர். மிஸ்டர் டெல்ப் கடிகாரத்தைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்து, அதன்மேல் பேனாவை வைத்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

"டக்கெட், அவன்கிட்ட கேட்டதையே உங்ககிட்டயும் கேக்கறேன்," என்றாள் வில்மா. "இந்த ஓட்டை ஏன் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கு?"

லோர்னாவின் முகம் காதுவரை சிவந்தது.

"அது... தப்பு மிஸ்."

"தப்பா?"

"நடுவுல வரணும். ஒரு இடத்துல தப்பா அளந்துட்டேன். எல்லாம் ஒட்டி முடிச்சப்புறம்தான் பார்த்தேன். எப்படிச் சரி பண்றதுன்னு பார்க்கத்தான் நகல் எடுத்தேன். இடது ஓரத்துல ஒரு துண்டு ஒட்டினா நடுவுல வந்துடுது. மகளுக்குக் காட்டன்னு சொன்னது பொய். ஃபைனல் போர்டுல தப்புன்னு சொல்ல வாய் வரல."

டேரன் உரக்கச் சிரித்தான். "பார்த்தீங்களா சார்? காப்பியடிச்சவங்களுக்கு ஐடியாவே புரியல! மீனோட இடத்தைத் தப்புங்கறாங்க!"

"தப்புன்னு யார் வேணா சொல்லலாம் வில்மா," என்றார் டெல்ப். "இது சாட்சியாகாது."

வில்மா லோர்னாவையே பார்த்தாள். "எவ்வளவு தப்பு?"

"பத்து."

"பத்து என்ன? பத்து பைகாவா?"

லோர்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. வேற மாதிரி கேக்கறேன். இந்தக் கட்டடத்துல யார்கிட்டயாவது மில்லிமீட்டர் ஸ்கேல் இருக்கா?"

"மில்லிமீட்டரா? இங்கேயா?" டெல்ப் முகம் சுளித்தார். "எதுக்கு?"

வில்மாவின் பார்வை கான்வாஸ் பையின் மேல் இருந்தது.

"சாப்பாட்டை வெளிய எடுங்க டக்கெட்."

சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு கோடு நகர்ந்தது.

லோர்னா கடிதத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். பையைத் திறந்தால் ஒரு திருட்டு வெளியே வரும். திறக்காவிட்டால் செய்யாத ஒரு திருட்டு அவள் பெயரில் நிற்கும். இரண்டில் எதைச் சுமப்பது? இன்னொரு கோடு நகர்ந்தது.

பையைத் திறந்தாள்.

சமையலறைத் துண்டில் சுற்றிய ஒரு இரும்பு ஸ்கேல். ஒரு முனை தேய்ந்து மழுங்கி, முதல் சில கோடுகளே இல்லாமல் போயிருந்தன. மறு முனையில் ஆழமாக அடித்த முத்திரை. லோர்னா அதன்மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டாள்.

"முனை ஏன் இப்படி?"

"கதவுல இடிச்சு இடிச்சுத் தேஞ்சுடும் மிஸ். கார் கம்பெனி எல்லாம் மில்லிமீட்டருக்கு மாறின நாள்லேர்ந்து லைன்ல இதான். முனை தேஞ்சிருக்கறதால யாரும் பூஜ்யத்துல ஆரம்பிக்க மாட்டோம். பத்தாம் கோட்டை ஓரத்துல வைப்போம். வர்ற அளவுல பத்தைக் கழிச்சுப்போம். எனக்கு பைகா கைக்கு வரவே இல்ல. அந்த ஸ்கேல் சார் கண்ணுக்குக் காட்டத்தான் மேசையில வச்சிருக்கேன். அளக்கறது எல்லாம் இதுல."

"வலது ஓரத்துல வைங்க."

லோர்னா வைத்தாள். கை தானாகவே பத்தாம் கோட்டை அட்டையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. நீலக் குறி ஐம்பதின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"அம்பதுல பத்து போனா நாப்பது. வலது ஓரம் நாப்பது மில்லிமீட்டர்," என்றாள் வில்மா. "டெல்ப், என் லென்ஸ்ல பாருங்க. மீனோட வாலைப் பாருங்க. நூலைப் பாருங்க. பத்து குறியும் கோட்டு மேல இருக்கா?"

டெல்ப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

"இப்ப பதினோராவது. இடது ஓரம்."

பத்தாம் கோடு ஓரத்தில் நின்றது. நீலக் குறி நாற்பதின் மேல்.

"நாப்பதுல பத்து போனா முப்பது," என்றாள் லோர்னா மெல்ல. "நாப்பது வேணும்னா அம்பதுல குறி போட்டிருக்கணும். கழிக்க மறந்து நாப்பதுலயே போட்டுட்டேன். லைன்ல பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட மறக்கல மிஸ்."

"நில்லுங்க!" டேரன் முன்னால் வந்தான். "அவங்க ஸ்கேலை வச்சு அளந்தா எது வேணா ஒத்துவரும்!"

"உன் ஸ்கேல்ல ஒண்ணுகூட வரலயே கண்ணு?" வில்மாவின் குரல் ஏறவில்லை. "பைகாலதான் அளந்தேன்னு நீதான் சொன்னே. லேபிளை உரிச்சு உன்னுதை ஒட்டினே. பின்பக்கம் பார்த்திருப்பே, ஓரம் பார்த்திருப்பே. நீலத்தை விட்டுட்டே. ரெண்டு வருஷமா அதைப் பார்க்காமலே பழகின கண்ணு. மீன் ஓட இடம் விட்டேன்னு சொன்னியே, அந்த இடம் எவ்வளவு தெரியுமா? சரியா பத்து மில்லிமீட்டர். தேஞ்சுபோன ஒரு இரும்பு முனையோட அளவு. அதைத் தப்புன்னு சொன்னவங்கதான் அதைப் பண்ணவங்க. அழகுன்னு சொன்னவன் அதை நேத்துதான் முதல் தடவை பார்த்தவன்."

டேரன் ஸ்டூலில் உட்கார்ந்தான். தன் கைகளைப் பார்த்தான்.

"என்னுதுல ஒண்ணுமே வரல," என்றான். "மூணு வாரம் வெறும் அட்டையைப் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். வெட்டச் சொன்னா வெட்டுவேன், ஒட்டச் சொன்னா ஒட்டுவேன். இந்த மீன் எனக்கு வராது. நேத்து ஏழு மணிக்கு ஆறாம் இழுப்பறையைத் திறந்தேன். லேபிள் வெறும் மெழுகு தடவி ஒட்டினதுதானே, ஒரே இழுப்புல வந்துடுச்சு. அவங்க கையில ஒண்ணுமே இருக்காதுன்னு நெனச்சேன். நகல் இருக்கும்னு தெரியாது."

மிஸ்டர் டெல்ப் கடிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார்.

"வெளிய என் ரூம்ல உக்காரு," என்றார் டேரனிடம். அவன் போனான்.

மணி 11.22.

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?" என்றாள் வில்மா.

"எட்டு நிமிஷம்."

"விட்டுடுங்களேன். மீனுக்கு இடம்ங்கறது ஒண்ணும் மோசமான யோசனை இல்ல."

"தப்பு தப்புதான் மிஸ்." லோர்னா அதற்குள் கத்தியை எடுத்திருந்தாள்.

டெல்ப் நகரவில்லை. இரும்பு ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார். லோர்னாவின் கட்டை விரல் இப்போது அதன்மேல் இல்லை. முத்திரை வெளிச்சத்தில் தெரிந்தது. கதவு ஃபேக்டரியின் பெயர். அதன் கீழே: நிறுவனச் சொத்து. வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.

"மிஸஸ் டக்கெட்," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "இது உங்களுது இல்லையே?"

கத்தி நின்றது.

"இல்ல சார். கடைசி நாள் எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். இதை மட்டும் ஸ்வெட்டர் கைக்குள்ள சொருகி எடுத்துட்டு வந்துட்டேன். பழைய இரும்போட உருக்கப் போறதா சொன்னாங்க."

"இப்பதான் ஒரு பையனைத் திருட்டுன்னு உக்கார வச்சிருக்கேன். இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நான் எப்படி..."

"எழுதுங்களேன்," என்றாள் வில்மா. "யாருக்கு வேணா எழுதுங்க. ஆனா எழுதினா ரெண்டு பேர் பேரைச் சேர்த்து எழுதணும்."

"ரெண்டாவது யாரு?"

வில்மாவின் கை கழுத்து லென்ஸுக்குப் போனது. லோர்னாதான் கேட்டாள், அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே:

"பையில ஸ்கேல் இருக்குன்னு உங்களுக்கு எப்படி மிஸ் தெரிஞ்சுது?"

"ஸ்கேல்னு முதல்ல தெரியாது. அந்தப் புது பைகா ஸ்கேலைப் பார்த்தப்புறம்தான் சந்தேகம். ஆனா எடுத்துட்டு வந்த ஏதோ ஒண்ணுன்னு பார்த்த நிமிஷமே தெரியும். பையை அப்படிப் பிடிச்சுக்கற ஒருத்தியை எனக்கு ஆறு வருஷமா தெரியும்."

கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றினாள். கறுப்பு டேப்பின் நுனியை நகத்தால் நெம்பி, மெதுவாகச் சுற்றிச் சுற்றி உரித்தாள். பசை சரசரத்தது. பித்தளை வளையம் எங்கேயும் உடைந்திருக்கவில்லை. டேப் இருந்த இடம் மட்டும் புதுசாக மின்னியது.

லென்ஸை மிஸ்டர் டெல்ப்பின் முன் வைத்தாள். அவர் குனிந்து படித்தார்.

'க்ரேவன் கூரியர் நாளிதழ், கேமராப் பிரிவு. அலுவலகச் சொத்து.'